விமானம் ஏறும் முன் சில்லறை மாற்றிக்கொள்ளுங்கள்

டெல்லி கிட்வாய் நகர்த் தமிழ் அன்பர்களுக்கு,



அரசுக் கட்டுமான நிறுவனமான என்.பி.சி.சி. கட்டிய புது அடுக்குமாடிகளில் இன்று குடியிருப்பவர்களுக்கும், ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து துவாரகா, மயூர் விகார், நொய்டா என்று பிரிந்துபோய், காய்கறிக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டையும் கும்பிட சரோஜினி நகர்ப் பிள்ளையார் கோயிலையும் இன்னும் விடாதவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் பிறந்தால் நம்மில் பலர் டெல்லி வெயிலுக்குத் தப்பிப் பிள்ளைகளிடம் போய்விடுகிறோம். நியூ ஜெர்சி, டல்லாஸ், லண்டன், சிங்கப்பூர், மெல்போர்ன். அதற்கு ஒரு மாதம் முன்பே ஆலோசனைகள் தொடங்கிவிடும். ஒரு பெட்டிக்கு 23 கிலோவா, இரண்டுக்கும் சேர்த்தா? ஊறுகாய் பாட்டிலை எதில் சுற்றுவது? கறிவேப்பிலையை அமெரிக்கச் சுங்கத்தில் விடுவார்களா? எந்த மருத்துவக் காப்பீடு? எல்லாம் கேட்கிறோம். அங்கே யாருக்கு எவ்வளவு டிப்ஸ் தர வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

போய் இறங்கிய முதல் வாரமே அது தலைகாட்டும். மகன் ஓட்டலுக்கு அழைத்துப்போவான். சாப்பாடு 60 டாலர். பில்லில் கீழே ஒரு வரியில் 12 என்று எழுதிக் கையெழுத்துப் போடுவான். "என்னடா அது பன்னெண்டு?" என்று நாம் கேட்போம். "டிப்ஸ்பா. மெதுவாப் பேசுங்க." பன்னிரண்டு டாலர் என்றால் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். நம் மனக்கணக்கு ஒரு நொடியில் போட்டுவிடும். வீடு திரும்பும்வரை காரில் அதே பேச்சு. மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். மறுமுறை நம்மை வெளியே சாப்பிட அழைத்துப்போகப் பிள்ளைகள் யோசிப்பார்கள்.

நம்மைக் கஞ்சர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கோயில் கும்பாபிஷேகத்துக்கு அள்ளிக் கொடுத்தவர்கள் நாம். சிக்கல் வேறு. நம்மில் பெரும்பாலோர் மத்திய அரசு ஊழியர்கள். 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் பரிசுப் பொருள் பற்றிய 13ஆம் விதி நமக்கு மனப்பாடம். சம்பளத்துக்கு மேல் ஒருவர் கை நீட்டினால் அது லஞ்சம். நாமாக மனமிரங்கித் தந்தால் அது தர்மம். இந்த இரண்டு தலைப்புகளைத் தவிர மூன்றாவது தலைப்பு நம் பேரேட்டில் கிடையாது. தீபாவளிக்குத் தபால்காரருக்கும், கேட்டில் நிற்கும் சௌகிதாருக்கும், பெருக்க வருபவருக்கும் தந்த இனாமெல்லாம் தர்மக் கணக்கில்தான் ஏறியது. மனம் இருந்தால் நூறு, இல்லாவிட்டால் ஐம்பது. சென்னை ராஜதானி நிஜாமுதீனை நெருங்கும்போது சோம்புத் தட்டோடு வரும் பையனுக்குப் போட்டதும் அதே கணக்குதான்.

இந்தக் கணக்கை வெளிநாட்டில் நீட்டினால் தப்பாகிவிடும். அங்கே போனால் உங்கள் மனநிறைவை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: எனக்குப் பரிமாறும் இந்த மனிதரின் சம்பளத்தை யார் தருகிறார்? இதற்கு விடை தெரிந்தால் எந்த ஊரிலும் தடுமாற வேண்டியதில்லை.

முதலில் அமெரிக்கா. அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். 2009இலிருந்து அது மாறவில்லை. ஆனால் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் தந்தால் போதும். மீதி 5.12 டாலரை வாடிக்கையாளர் தரும் டிப்ஸில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று சட்டமே இடம் தருகிறது. டிப்ஸ் போதாத வாரத்தில் முதலாளிதான் நிரப்ப வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் தைரியம் எத்தனை ஊழியருக்கு இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 2.13 டாலர் 1991இல் நிர்ணயித்தது. அதற்குப் பிறகு நமக்கு ஐந்தாவது ஊதியக் குழு வந்தது, ஆறாவது வந்தது, ஏழாவது வந்தது. ஆண்டுக்கு இருமுறை பஞ்சப்படி உயர்ந்தது. எட்டாவது குழுவும் அறிவித்தாகிவிட்டது. ஒரு தவணை பஞ்சப்படி தள்ளிப்போனாலே சங்கக் கூட்டம் போட்டவர்கள் நாம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சென்ட்கூட உயராத சம்பளத்தில் நிற்கும் பெண்தான் உங்கள் மேசைக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். அந்தப் பன்னிரண்டு டாலர் அவளுடைய சம்பளப் பட்டியலில் நீங்கள் நிரப்ப வேண்டிய கட்டம்.

எல்லா மாநிலங்களும் இப்படி இல்லை. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழிலும் டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க முடியாது. அங்கேயும் வழக்கம் மாறவில்லை. வாடகை அப்படி. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் மகன் வீட்டு வாடகையைக் கேட்டு மயங்கி விழாதவர் நம்மில் யாராவது உண்டா?

நம் நாட்டுச் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பது வருமான வரித் துறையில் இருந்த நண்பர்களுக்கு நினைவிருக்கும். விருந்தினர் தரும் டிப்ஸை ஓட்டல் நிர்வாகம் வாங்கி ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாலும் அது சம்பளம் ஆகாது, அதனால் சம்பளமென்று நிர்வாகம் அதில் வரி பிடிக்க வேண்டியதில்லை என்று 2016இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே டிப்ஸ் சம்பளத்துக்கு வெளியே நிற்கிறது. அங்கே சம்பளத்துக்குள்ளேயே சட்டம் அதை எழுதி வைத்திருக்கிறது.

"முதலாளி தர வேண்டியதை என் தலையில் ஏன் கட்டுகிறான்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. அமெரிக்கர்களே நூறாண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவரும் கேள்வி. எசமானும் ஏவலாளும் இருந்த ஐரோப்பாவிலிருந்து வந்த இந்தப் பழக்கம் குடியரசுக்கு ஆகாது என்று ஒரு காலத்தில் அங்கே பெரிய எதிர்ப்பு இருந்தது. 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸுக்குத் தடைச் சட்டமே போட்டது. தெற்கே வேறு சில மாநிலங்களும் போட்டன. ஒன்றும் நிலைக்கவில்லை. 1926க்குள் எல்லாச் சட்டங்களும் போய்விட்டன.

டிப்ஸ் பழக்கம் போகாமல் நின்றதற்குக் காரணம் கூலியை மிச்சம் பிடித்த முதலாளிகள். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த பிறகு, புல்மன் கம்பெனி தன் தூங்கும் வசதி ரயில் பெட்டிகளில் விடுதலை பெற்ற கறுப்பின ஆண்களை வேலைக்கு வைத்தது. சொற்பச் சம்பளம். மிச்சத்தைப் பயணிகளிடம் பல்லிளித்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கம்பெனி முதலாளியின் பெயர் ஜார்ஜ் என்பதால் பணியாளர் அத்தனை பேரையும் பயணிகள் "ஜார்ஜ்" என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை. 1925இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் வைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி 1937இல் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். தொழிற்சங்கம் அறிந்த நமக்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் பாடு புரியும்.

எனவே முறை தவறானது என்று நீங்கள் சொன்னால் நானும் சேர்ந்து சொல்கிறேன். ஆனால் அந்தச் சண்டையை ஒரு பரிசாரகப் பெண்ணின் இரவுக் கூலியில் நடத்தாதீர்கள். டிப்ஸ் வைக்காமல் எழுந்துவந்தால் முதலாளிக்கு ஒரு காசும் குறையாது.

இனி நடைமுறை. மேசைக்கு வந்து பரிமாறும் அமெரிக்க ஓட்டலில் 15 முதல் 20 சதவீதம். இப்போது பெரும்பாலான ஊர்களில் 18க்குக் கீழே போனால் முகம் சுளிப்பார்கள். விற்பனை வரி சேர்க்கும் முன் உள்ள தொகையில் கணக்குப் பார்த்தால் போதும். ஆறு பேருக்கு மேல் கூட்டமாகப் போனால் பல ஓட்டல்களில் அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். பார்க்காமல் இன்னொருமுறை எழுதிவிடாதீர்கள். டாக்ஸிக்கு 15 சதவீதம். முடிவெட்டுபவருக்கு 15 முதல் 20. ஹோட்டல் அறையைச் சுத்தம் செய்பவருக்கு இரவுக்கு இரண்டிலிருந்து ஐந்து டாலர். கடைசி நாள் மொத்தமாக வைத்தால் முதல் மூன்று நாள் துடைத்தவருக்குப் போய்ச் சேராது. அதனால் தினமும் காலையில் வையுங்கள்.

கவுண்டரில் நீங்களே நின்று ஒரு காபி வாங்கும்போது திரையைத் திருப்பி 18, 20, 25 என்று காட்டுவார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். பார்சல் வாங்கினாலும் நீங்களே எடுத்துக்கொண்டாலும் கடமை எதுவும் இல்லை. "டிப்ஸ் இல்லை" என்ற பொத்தானைத் தாராளமாக அழுத்தலாம்.

எடிசனிலோ சிகாகோவிலோ நம்மூர்க்காரர் நடத்தும் தோசைக் கடையில் சாப்பிடும்போது, "நம்ம பையன்தானே" என்று சிரித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். நம்ம பையனுக்கும் அதே சட்டம்தான், அதே வாடகைதான். இந்தியர் மேசை என்றால் டிப்ஸ் வராது என்று பரிமாறுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது பிள்ளைகள் காதில் விழுகிறது. நமக்குத்தான் விழுவதில்லை.

அடுத்து வீல்சேர். நம் வயதினரின் பயணத்தில் இதுதான் பெரிய விஷயம். முழங்கால் வலிக்காகக் கேட்பவர்களும் உண்டு, மொழிக்காகவும் வழிக்காகவும் குடியேற்ற வரிசைக்காகவும் கேட்பவர்களும் உண்டு. அமெரிக்கா போகும், வரும் விமானங்களில் இந்த உதவியை விமான நிறுவனம் இலவசமாகத் தர வேண்டும். 1986ஆம் ஆண்டுச் சட்டம் அது. அந்த "இலவசம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, கேட் முதல் பெட்டி வரும் இடம்வரை முக்கால் மணி நேரம் தள்ளிவந்தவருக்கு "தேங்க்யூ" மட்டும் சொல்லிவிட்டு நடக்கிறோம். அவர் விமான நிறுவனத்தின் ஆளே இல்லை. ஒப்பந்தக் கம்பெனியின் ஆள். பெரும்பாலும் வேறு ஏதோ நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர், நம்மில் சிலரைவிட மூத்தவராகக்கூட இருப்பார். அவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். ஒருவருக்கு ஐந்து டாலர், தூரம் அதிகமானால் பத்து. தம்பதியாகப் போய் இரண்டு பேர் தள்ளினால் இருவருக்கும் தனித்தனியாக. லண்டனிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ மாறும்போது இந்த எதிர்பார்ப்பு இல்லை. நம் டெல்லி விமான நிலையத்தில் தள்ளுகிறவரும் ஒப்பந்த ஊழியர்தான். அவரை மறக்காதீர்கள்.

இதற்கெல்லாம் கையில் நோட்டு வேண்டும். ஃபாரெக்ஸ் கார்டை வீல்சேர்க்காரரிடம் தேய்க்க முடியாது. பயணத்துக்கு 3,000 டாலர்வரை ரொக்கமாகக் கொண்டுபோக ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வாங்கும்போது எல்லாவற்றையும் நூறு டாலர் நோட்டாக வாங்கி உள்பாக்கெட்டில் தைக்காமல், ஐம்பது டாலருக்காவது ஒன்றும் ஐந்துமாகக் கேட்டு வாங்குங்கள். மிச்சம் இருக்கிறதே என்று நூறு ரூபாய் நோட்டை அங்கே யாருக்கும் நீட்டாதீர்கள். அவர் அதை எங்கே மாற்றுவார்?

அமெரிக்காவிலேயே தரக்கூடாத இடங்களும் உண்டு. தபால்காரர், தேசியப் பூங்கா அலுவலர், குடியேற்ற அதிகாரி, போலீஸ். அவர்களுக்கும் நம்மைப் போலவே நடத்தை விதி இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குத் தபால்காரருக்கு 20 டாலருக்கு மிகாத ஒரு சிறு பொருள் தரலாம், ரொக்கம் தரக்கூடாது. நம் 13ஆம் விதிக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்.

அட்லாண்டிக்கைத் தாண்டினால், சம்பளத்தை யார் தருகிறார் என்ற கேள்விக்கு விடை மாறுகிறது. பிரான்ஸில் 1987 முதல் விலைப்பட்டியலில் போட்ட விலையிலேயே சேவைக் கட்டணம் அடங்கியிருக்க வேண்டும். சில்லறையை மேசையில் விட்டுவருவது உங்கள் விருப்பம். பிரிட்டனில் டிப்ஸைக் காட்டிக் குறைந்தபட்ச ஊதியத்தைச் சரிக்கட்டும் வழியை 2009இல் அடைத்துவிட்டார்கள். 2024 அக்டோபரிலிருந்து, வசூலாகும் டிப்ஸ் முழுவதும் ஊழியருக்கே போக வேண்டும் என்ற சட்டமும் நடப்பில் இருக்கிறது. லண்டன் பில்லில் 12.5 சதவீதம் ஏற்கெனவே போட்டிருந்தால் அதற்கு மேல் வேண்டாம். ஜெர்மனியில் தொகையைச் சற்று முழுமையாக்கிச் சொன்னால் போதும். ஆஸ்திரேலியாவில் குறைந்தபட்ச ஊதியமே மணிக்கு அவர்கள் டாலரில் 24க்கு மேல். எவரும் எதிர்பார்ப்பதில்லை.

சிங்கப்பூரில் ஓட்டல் பில்லைப் படிக்கத் தெரிய வேண்டும். நூறு வெள்ளிச் சாப்பாட்டில் முதலில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் ஏறும். அந்த 110க்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டி ஏறும். கொடுப்பது 119 வெள்ளி 90 காசு. அதோடு கணக்கு முடிந்தது. தேக்கா மார்க்கெட் உணவுக்கூடத்தில் டிப்ஸே இல்லை. ஆனால் சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துப்போய் வைக்க வேண்டும். 2021 முதல் அது சட்டம். "துடைக்கத்தான் ஆள் இருக்கிறதே" என்று தட்டை விட்டுவிட்டு எழுந்தால் அபராதம்வரை போகும்.

ஜப்பானில் மேசையில் காசை வைத்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடிவந்து தருவார்கள். அங்கே வற்புறுத்துவது பெருந்தன்மையாகாது. தலை குனிந்து நன்றி சொல்லுங்கள். இலங்கையில் நல்லூர், கதிர்காமம் என்று யாத்திரை போகும்போது, கூடவே நாள்கணக்கில் வரும் வேன் ஓட்டுநருக்குக் கடைசி நாளில் நிறைவாகக் கையில் கொடுப்பதுதான் அங்குள்ள வழக்கம்.

ஐரோப்பா குரூப் டூர் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பணம் கட்டும் முன் நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் உள்ளதுவரை படியுங்கள். டூர் மேனேஜருக்கும் பஸ் ஓட்டுநருக்கும் நாளுக்கு இவ்வளவு யூரோ என்று பெரும்பாலும் அதில் இருக்கும். அங்கே போய் "இது என்ன புதுசா?" என்று பஸ்ஸுக்குள் கூட்டம் போட வேண்டாம். இன்னொன்று. கையில் கூடக் கொஞ்சம் வைத்தால் ஓட்டுநர் இன்னொரு இடத்தையும் காட்டிவிடுவார் என்பது நம்மூர்ப் பழக்கம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் அவர் முக்கால் மணி நேரம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். பஸ்ஸில் உள்ள கருவி அதைப் பதிவு செய்கிறது. காசு அதை மாற்றாது. டிப்ஸ் என்பது செய்த வேலைக்குப் பின்னால் வருவது. செய்ய வேண்டிய சலுகைக்கு முன்னால் நீட்டினால் அது எந்த நாட்டிலும் லஞ்சம்தான்.

கடைசியாக நம் ஊர். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஓட்டல்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக்கூடாது என்று வழிகாட்டுதல் தந்தது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழக்குகளைத் தள்ளி, சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வசூலிக்க முடியாது, வாடிக்கையாளர் விரும்பினால் தரலாம் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நம் வாட்ஸ்அப் குழுக்களில் எத்தனை உற்சாகமாகச் சுற்றியது! பில்லிலிருந்து 10 சதவீதத்தை எடுக்கச் சொல்வதில் நமக்கு இப்போது நல்ல தேர்ச்சி. எடுக்கச் சொல்லுங்கள், உரிமை உங்களுடையது. எடுத்த பிறகு அதில் ஒரு பகுதியாவது பரிமாறியவர் கைக்குப் போகட்டும். உரிமையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால், நாம் எதிர்த்தது கட்டாயத்தையா, கொடுப்பதையா என்று சந்தேகம் வரும்.

இந்தக் கோடையில் போகிறவர்கள் மூன்று காரியம் செய்யுங்கள். போகும் ஊரின் வழக்கத்தைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். சிறு நோட்டுகளைத் தனி உறையில் போட்டுச் சட்டைப்பையில் வையுங்கள். பில்லில் மகன் எழுதும் தொகையை ரூபாயாக்கிப் பார்க்காதீர்கள், சாப்பாட்டு விலையைப் போல அதுவும் ஒரு விலை என்று விட்டுவிடுங்கள். போய்வந்த பிறகு எங்கே எவ்வளவு வழக்கம் என்று அடுத்து போகிறவர்களுக்கும் சொல்லுங்கள். பெட்டி எடையைப் பற்றி நாம் ஒருவருக்கொருவர் சொல்லித்தரும் அக்கறையில் பாதி இருந்தால் போதும்.

நல்லபடியாகப் போய்வாருங்கள்.

அன்புடன்,
கிட்வாய் நகரில் உங்களோடு குடியிருந்த ஒருவன்